ஒற்றைப்படை, இரட்டைப்படை

ஒரே வானம், ஒன்பது சூரியன், ஒரே பதிப்பாளர்.
ஒற்றைப்படைப் பாகங்கள் மீசைக்காரருக்கு;
பின்னட்டை முழுக்க மீசைதான்.
இரட்டைப்படை, படமில்லாதவருக்கு.
அவர் ஆணா பெண்ணா என்பது
தாம்வேயில் ஒருவருக்கும் தெரியாது.

நாளுக்கு முந்நூறு கியாட் வாடகை.
பெட்ரோலில் கழுவிய பிளக் காய்கிற நேரத்தில்
பட்டறை வாசலில் உட்கார்ந்து படிப்பேன்.
என் பெருவிரல் கறையை அடையாளம் வைத்து
அடுத்த வாசகர் திட்டுவதாகக் கேள்வி.

ஜெனரேட்டர் மெக்கானிக் நான்.
என் விமர்சனம் எஞ்சினிலிருந்துதான் தொடங்கும்.

மீசைக்காரரின் கப்பல்
நாற்பதாயிரம் ஆண்டு நிற்காமல் ஓடுகிறது.
யாரும் எண்ணெய் மாற்றியதாக ஒரு வரி கிடையாது.
தளபதிகள் சாளரத்தோரம் நின்று
வம்சங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.
ஆனால் ஒரு சூரியன் அவியும்போது
அந்த மனிதர் எழுதுவதைப் படித்து
எனக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கிறது.
பொய் சொல்லக் கூடாது.

படமில்லாதவர் கப்பலில்
முதல் அத்தியாயத்திலேயே ஒரு வாசர் காணோம்.
நாற்பது பக்கம் தேடுகிறார்கள்.
தேடுகிறவன் ஓன் ஷ்வே, கீழ்த்தளத்துக்காரன்.
இடது காது மந்தம்.
எஞ்சினை உள்ளங்கையால் கேட்பான்.
அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு
என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர் மருந்துக்கடைச் செங்கமலம் ஒப்புக்கொள்ள மாட்டாள்.
பலகையில் அவள் பெயர் தந்தா வின்.
மீசைக்காரர் கட்சி.
‘வாசர் தொலைஞ்ச கதை எனக்கெதுக்கு தவமணி?
இன்சுலின் கெட்டுப்போகாம இருக்க
ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கிறேன்.
படிக்கிறப்பவாவது ஒண்ணு
நிக்காம ஓடட்டுமே.’
பதில் வரவில்லை எனக்கு.
டீக்கடைக் கூஜாவில் வெறுந்தேநீர் ஆறியது.

பிறகு பதினொன்றாம் பாகம் வந்தது.
மீசைக்காரர், பக்கம் அறுபத்திரண்டு:
‘அந்த வாரம் கீழ்த்தளத்தில்
ஒரு பராமரிப்பாளன் இறந்தான்;
கப்பலின் வேகம் குறையவில்லை.’
பெயர்கூட இல்லை.
காது மந்தம் என்பதை மட்டும்
அடுத்த வரியில் போகிற போக்கில் சொல்லியிருந்தார்.
எதிரியின் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து
விளக்கை ஊதிவிட்டு வந்ததுபோல.

செங்கமலமே புத்தகத்தைக் குப்புறப் போட்டாள்.
கட்சி மாறவில்லை.
ஆனால் மூன்று நாள்
மாத்திரை எண்ணும்போது யாரோடும் பேசவில்லை.

பன்னிரண்டுக்கு ஏழு மாதம் காத்திருந்தோம்.
உயிர்ப்பிப்பார் என்று நான் பந்தயம்:
இரட்டைப்பிறவி, உறைபெட்டி, ஆள்மாறாட்டம்,
அந்த அண்டத்தில் எல்லாமே செல்லும்.
பழிவாங்குவார் என்றாள் அவள்:
ஒரு தளபதியாவது போவான்.

இரண்டும் இல்லை.
ஒரு கல்யாணம், ஓர் ஒப்பந்தம், நீண்ட விருந்து.
தளபதிகள் சாளரத்தோரம் நின்று
மீசைக்காரர் நடையிலேயே,
அவரைவிட நன்றாகவே பேசுகிறார்கள்.
மணமகள் ஏதோ சொல்ல வாய் திறக்கும்போது
விளக்கு ஒருமுறை மங்கி எரிகிறது.
ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்போதும்.
குழந்தைக்குச் சோறூட்டும்போதும்.
ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.
பேச்சை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் எண்ணியதில் இருபத்தாறு தடவை.
செங்கமலம் இருபத்தேழு என்கிறாள்;
கடைசிப் பக்கத்தின் முற்றுப்புள்ளிக்கு முன்னால்
இன்னொன்று இருக்கிறதாம்.

பதின்மூன்று மீசைக்காரர் முறை.
அந்த விளக்கை அவர் கவனித்தாரா,
கவனித்தும் எழுதாமல் விடுவாரா என்று
பட்டறைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே
ஒரு தெரு அகலத்துக்கு வாதம் நடக்கிறது.

நேற்றிரவு பதினொன்றேகாலுக்குத் தெரு அணைந்தது.
அவள் கடை ஜெனரேட்டரை
மூன்றாவது இழுப்பில் பிடிக்க வைத்தேன்.
கூடு அதிர்ந்தது. கையை வைத்தேன்.
உள்ளே பல்பு எரிந்து, ஒருமுறை மங்கி, எரிந்தது.

‘இருபத்தெட்டு’ என்றாள் இருட்டுப் பக்கத்திலிருந்து.

கார்ப்பரேட்டரில் ஏதோ அடைப்பு.
காலையில் திறந்து பார்க்க வேண்டும்.